சூரனுக்குப் போன வெள்ளி முடி

வாசகரே, சாட்சியாக அமருங்கள். சொற்போர் மேடைகளில் எதிரணியை வாயடைக்கச் செய்யும் நான், புருசெத் நிலையத்துக்குச் செல்லும் ரயிலில் வாய் திறவாது கேட்ட வழக்கு இது. எதிரே அமர்ந்திருந்த நடுவயதினர் இருவரில் தாடிக்காரர் தொடங்கினார்.

"மச்சான், என்ரை தலைமுடியை ஏன் சூரனுக்குக் குடுத்தனீ?"

"கோயில் சூரன் பொம்மைக்கு முடியில்லை எண்டு கோயில்காரர் சொன்னவை. உன்ரை வெள்ளி விக் சும்மாதானே கிடந்தது?" என்றார் கண்ணாடிக்காரர்.

"சும்மாவோ? அதுதான் எங்கடை கிளாம் ரொக் பாண்டின்ரை முகம்! முகமெல்லாம் மினுக்கம் பூசி, குதி உயர்ந்த சப்பாத்தோடை மேடை ஏறினனாங்கள்!"

"ஏறினனாங்கள்தான். இறங்கத் தெரியாமல் நாலு பேரும் விழுந்தனாங்கள். பாண்டும் அதோடை சரி."

"சனிக்கிழமை மகளின்ரை பிறந்தநாளிலை திரும்பப் பாடுறன் எண்டிட்டன். விக் இல்லாட்டி நான் வெறும் அப்பா."

"சனிக்கிழமைதான் சூரன்போர். சூரன் மொட்டையாய்ச் சண்டைக்குப் போறதோ? இப்பவே சனம் அந்த முடியைப் பாக்கவெண்டே கோயிலுக்கு வருது. எங்களுக்கு இவ்வளவு கூட்டம் வந்ததோ?"

தாடிக்காரரின் முகம் மலர்ந்தது. "உண்மையாவோ?"

"ஓம். பிள்ளையள் செல்பியும் எடுக்கினம்."

புருசெத்தில் கதவு திறந்தது. கைப்பிடியைப் பற்றி மெல்ல இறங்கிய தாடிக்காரர், திரும்பி நின்று பெட்டி முழுவதும் கேட்க முழங்கினார்:

"சூரன் செத்த கையோடை முடியைக் கழட்டிக்கொண்டு வந்து பாடுவன், மச்சான்! இந்தமுறை வெறுங்காலோடை!"