ஏசுவதென்றால் என்னை ஏசுங்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாகி ஜவாத் சேர் அவர்களே, முன்வரிசையில் அழுதுகொண்டிருக்கும் தாதிப் பிள்ளைகளே, கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் இருந்து வந்திருக்கும் நோயாளிக் குடும்பங்களே! எல்லோருக்கும் ஸலாமும் வணக்கமும். நான் அச்சிமுகம்மது. இந்தப் பேச்சை என் கையால் எழுத ஐந்து நாள் ஆனது. எழுபது வயதில் எழுத்துப் படித்தவன் நான். ஒரு சொல்லையும் வீணாக்க மாட்டேன்.

வீடு வீடாகப் போய் மருந்து கட்டும் தாதிமாரின் மேற்பார்வையாளர், நம் கனகேஸ்வரி மிஸ்ஸி, போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார்! அவர் யார்? சொல்கிறேன். என் காலில் சீனி வருத்தத்தால் வந்த ஆறாத புண். அதற்கு மருந்து கட்ட வரும் றினோஸா மிஸ்ஸி ஒருநாள் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்தார். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். போதாதென்று தாதிமாரின் கந்தோருக்கும் போன் எடுத்து முறையிட்டேன். மறுநாள் றினோஸாவோடு கனகேஸ்வரி மிஸ்ஸியே என் வாசலில் நின்றார்.

"அச்சிமுகம்மது காக்கா, உங்கட வீட்டுக்கு முந்தி நாலு வீடு. நாலாவது வீட்டில ஒரு உம்மாக்குப் படுக்கைப் புண். அரைவாசியில விட்டுட்டு ஓடி வரச் சொல்றீங்களா?"

"இல்ல மிஸ்ஸி..."

"இனி ஏசுறதெண்டா என்னை ஏசுங்க. அதுக்கும் சேத்துத்தான் எனக்குச் சம்பளம்."

றினோஸா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

முறைப்பாடு வந்தால் அந்தத் தாதியையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கே போவார். அதுதான் அவர் வழக்கம். நோன்பு மாதத்தில் பின்னேர வீடுகளைத் தானே எடுத்துக்கொண்டு, "நோன்பு துறக்க வீட்ட போங்க பிள்ளையள்" என்று அனுப்பியவர் யார்? நோன்பு பிடிக்காத கனகேஸ்வரி மிஸ்ஸி அல்லவா! அவர் இருந்த ஆறு வருடத்தில் ஒரு தாதியாவது வேலையை விட்டாரா?

இப்போது என்ன நடக்கிறது? ஒரு மாதத்துக்குள் றினோஸாவுக்கு மூன்று கடிதம்! ஏன் பிந்தினீர்? ஏன் பிந்தினீர்? ஏன் பிந்தினீர்? கேட்டு எழுதியவர்களே, ஒரு வீட்டுக்காவது அவரோடு போனீர்களா? ஜவாத் சேர், சற்று முன் கனகேஸ்வரி மிஸ்ஸியைத் தாய் என்று புகழ்ந்தீர்கள். அந்தத் தாய் கட்டிக்காத்த பிள்ளையைக் கடிதம் போட்டு விரட்டுவது என்ன நியாயம்? வேலையை விடும் கடிதத்தை றினோஸா எழுதி முடித்துவிட்டார். நாளை கொடுக்கப் போகிறார். அவர் போனால் பதினொரு வீட்டுப் புண்ணுக்கும் மருந்து கட்டுவது யார்? உங்கள் கடிதங்களா?

தாதிமாரை ஏசுகிற வீடுகளுக்கு இனி நான் போவேன், தடியை ஊன்றிக்கொண்டாவது போவேன். ஏசியவன் நான். அவர்களோடு கதைக்க எனக்குத் தெரியும். ஆனால் கந்தோரில் இருந்து போக வேண்டியவர் நீங்கள்.

நாளைக் காலை றினோஸாவோடு வாருங்கள் சேர். ஐந்தாவது வீடு என்னுடையது. நீங்கள் உட்கார இரண்டு கதிரை போட்டு வைப்பேன். பிந்தியே வாருங்கள். காத்திருப்பேன்.