வியாழக்கிழமைக்கு ஒரு பாட்டு

கப்பை அந்தத் தட்டு மேல வை நரெல். மேசையில வட்டம் விழுந்தா துடைச்சாலும் போகாது. பால் கொஞ்சம் தூக்கலா ஊத்திட்டேன்னு நினைக்கிறேன். உங்கம்மாவுக்கு அப்படித்தான் புடிக்கும், கை அந்தப் பழக்கத்துலயே போகுது. கார் சாவியைக் கையிலயே புடிச்சுக்கிட்டு இருக்க வேண்டாம். அடிலெய்டுலேருந்து இந்த வெயில்ல ஓட்டிக்கிட்டு வந்திருக்கே, கொஞ்சம் உக்காரு. நீ கேட்டதுக்கு ஒளிக்காம பதில் சொல்றேன்.

அதோ, ஜன்னலோரம் இருக்கே, அதுதான் உங்கப்பா பெட்டி. நீ சின்ன வயசுல பாத்திருக்க மாட்டே, நீ ஊரை விட்டுப் போனப்புறம் வாங்கினது. உங்கப்பா மெர்வுக்குக் கம்ப்யூட்டர்னாலே ஆகாது. பாட்டைப் பதிவு பண்ண அந்தப் பெட்டியே போதும். கிடார் ஒரு டிராக்ல, குரல் ஒரு டிராக்ல, எல்லாம் தனித்தனியா நிக்கும். எது எவ்வளவு கேக்கணும்னு அந்தந்தக் குமிழை ஏத்தி இறக்கிக்கலாம். கவுன்சில்ல ரோடு போடுற வண்டி ஓட்டிட்டு வந்து, சாயங்காலமெல்லாம் ஷெட்டுல உக்காந்து பாடுவாராம். நம்ம பீட்டர்பரோவுல அவர் பாடாத கிளப்பு கிடையாது.

என் வேலை உனக்குத் தெரியும். டெலிபோன் ஆபீஸ்ல ரிட்டையர் ஆனப்புறம் இந்த மாதிரிப் பெட்டிங்களைத்தான் பாக்குறேன். எல்லாத்துக்கும் ஒரே வியாதி, உள்ள இருக்குற ஹார்ட் டிஸ்க் வயசாகி டிக் டிக்னு அடிச்சுக்கும். அதைக் கழட்டிட்டு, அந்த இடத்துல கட்டைவிரல் அகலத்துல ஒரு மெமரி கார்டைப் பொருத்துவேன். அப்புறம் சத்தமும் இல்ல, சூடும் இல்ல. டாஸ்மேனியாவுலேருந்து, பெர்த்துலேருந்து எல்லாம் அனுப்புவாங்க. சரி பண்ணித் திருப்பி அனுப்பிடுவேன். வருஷக்கணக்கா இந்த வீட்டுக்கு வந்து போனதெல்லாம் பார்சல்தான். ஆளா வந்தவங்க உங்கப்பாவும் அம்மாவும்தான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்தப் பெட்டி தனக்குன்னு ஒரு முறையில எழுதி வெச்சுக்கும். வேற எதுல போட்டாலும் தெறக்காது. அதனால உள்ள என்ன இருக்கு, என்ன இல்லன்னு நான் சொல்றதுதான் பேச்சு. ஜனங்க என்னை நம்பித்தான் ஆகணும். இதுவரைக்கும் யாரையும் நான் ஏமாத்தினதில்ல.

முதல் தடவை வந்தப்ப உங்கப்பா பெட்டியை இந்த மேசையில வெச்சார். புத்துநோய் வந்து குரல்வளையை எடுத்தப்புறம் அவர் கழுத்துல ஒரு கருவியை அழுத்திப் பேசுவாரே, ஷேவிங் மெஷின் மாதிரி உறுமுமே, அதை வெச்சுக்கிட்டுச் சொன்னார், "டாக்டர், நோயாளிக்கு நெஞ்சு படபடங்குது. பொழைப்பானா?"

"ஆபரேஷன் பண்ணித்தான் பாக்கணும்"னேன்.

"எனக்கும் அப்படித்தான்யா சொன்னானுங்க. கேளு, என்ன இனிமையா இருக்குன்னு."

தோள் குலுங்கச் சிரிச்சார், சத்தமே வரல. உங்கம்மா அவர் முழங்கையில ஒரு தட்டுத் தட்டி, "சும்மா இரு மெர்வ், ஐவன் பாவம், என்ன சொல்றதுன்னு தெரியாம நிக்கிறார்"னாங்க. அப்புறம் விஷயத்தைச் சொன்னாங்க. பெட்டியில ஏழு பாட்டு இருக்கு. ஏழாவது உங்கம்மா நோலீனுக்காகவே பண்ணினது, கல்யாண நாளுக்குன்னு ஒளிச்சு வெச்சது. அதுக்குள்ள ஆபரேஷன் வந்துடுச்சு. அதுக்கப்புறம் தன் குரலைக் கேக்க அவருக்கு மனசே வரல. இப்ப வியாதி திரும்பியாச்சு, இந்தத் தடவை டாக்டருங்க நம்பிக்கையா எதுவும் சொல்லல. "எல்லாத்தையும் பக்கத்துல உக்காந்து கேக்கணும்ங்கிறார். அந்த ஏழாவது போடும்போது என் மூஞ்சியைப் பாக்கணுமாம்"னு சொல்லிட்டு, உங்கம்மா வெளியில பாத்துக்கிட்டாங்க.

அவங்க போன மதியமே டிஸ்க்கைக் கழட்டிக் கார்டுக்கு நகல் எடுத்தேன். அடுப்புல ஆட்டுக்கறி வெச்சிருந்தேன், அது வேகுறதுக்குள்ள முடிஞ்சுது. ஏழு பாட்டும் ஒரு கீறல் இல்லாம வந்துடுச்சு. ஆமா நரெல், முதல் நாளே. இதைத்தான் நீ கேக்க வந்தேன்னு நினைக்கிறேன்.

அடுத்த வியாழக்கிழமை குடுத்துடலாம்னுதான் இருந்தேன். பெட்டியைத் துடைச்சு, ஒயரையெல்லாம் சுருட்டி வெச்சிருந்தேன். உங்கம்மா பேரீச்சம்பழ கேக் பண்ணிக் கொண்டு வந்தாங்க, இன்னும் சூடா இருந்துச்சு. வாசல்ல நின்னுக்கிட்டே, "கிடைச்சுதா?"ன்னாங்க. உங்கப்பா தொப்பியைக் கூடக் கழட்டல. ஆமான்னு சொன்னா என்ன ஆகும்னு எனக்கு அப்பத் தெரிஞ்சுது. பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவாங்க, கேக்கை நான் நின்னுக்கிட்டே தின்பேன்.

"ஒண்ணு கிடைச்சிருக்கு"ன்னேன்.

அது பொய் இல்ல பாரு. ஒண்ணு கிடைச்சுதான் இருந்துச்சு.

அன்னிக்கு ரெண்டு பேரும் இருட்டுற வரைக்கும் இருந்தாங்க. முதல் பாட்டைப் போட்டேன். உங்கப்பா கண்ணை மூடிக்கிட்டு, உதட்டை மட்டும் அசைச்சுக் கூடவே பாடினார். கண்ணுல தண்ணி ஓடுச்சு, துடைச்சுக்கவே இல்ல. அப்புறம் ஃபுட்டி மேட்ச் பத்திப் பேசினோம், மழை வராததைப் பேசினோம். நான் மூணு கப்பு கழுவினேன். எங்க வீட்டுல மூணு கப்பு கழுவி எத்தனை வருஷம் ஆச்சுன்னு யோசிச்சேன், ஞாபகம் வரல. தனியா இருக்கேன்னு நான் யார்கிட்டயும் குறை சொன்னதில்ல. ஆனா அவங்க வண்டி திரும்பிப் போனப்புறமும், வாசல் விளக்கை அணைக்காம ரோட்டைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

அப்படித்தான் வியாழக்கிழமைக்கு ஒரு பாட்டுன்னு ஆச்சு. சில வாரம் எதுவும் கிடைக்கலன்னு சொல்லுவேன். வாராவாரம் கிடைச்சா நம்ப மாட்டாங்க. அந்த வாரம் உங்கம்மா எனக்கே ஆறுதல் சொல்லுவாங்க. "நீ எவ்வளவு பாடுபடுறேன்னு எங்களுக்குத் தெரியாதா ஐவன்?"னு என் கையைப் புடிச்சு அழுத்துவாங்க. உங்கப்பா, "டாக்டர், அவசரப்படாதே, நான் எங்க ஓடிடப் போறேன்?"னு கழுத்துல உறுமுவார். நடக்க முடியாம ஆனப்பக்கூட, உங்கம்மா அவரை வண்டியில ஏத்திக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. ஒரு மனுஷனை அவ்வளவு தூரம் எழுப்பி உக்கார வெச்சது அந்த வியாழக்கிழமைதான். மருந்து பண்ணாததை நான் பண்ணினேன்னுகூடச் சொல்லலாம்.

மத்த நாள்ல அந்தப் பாட்டுங்களை நான் போட்டுக் கேப்பேன். ஒவ்வொரு பாட்டுக்கும் எட்டு டிராக் உண்டு; உங்கப்பா ஏழுதான் உபயோகிச்சிருந்தார், எட்டாவது காலியா இருந்துச்சு. ஒரு நாள் மைக்கைச் சொருகி அதுல நான் கூடவே பாடினேன். என் குரல் ஒண்ணும் பிரமாதம் இல்ல, ஆனா அவர் குரலுக்குக் கீழ ஒட்டிக்கிச்சு. நல்லாத்தான் இருந்துச்சு நரெல். அவர் குரலோட சேந்து பாடினப்ப எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். வியாழக்கிழமை வர்ற மெர்வை எனக்குப் புடிக்கும்தான், ஆனா பெட்டிக்குள்ள இருந்தவரோடதான் நான் ரொம்ப நேரம் இருந்தேன்.

மூணு பாட்டு குடுத்திருந்தேன். அப்ப ஒரு செவ்வாய்க்கிழமை காலையில உங்கம்மா ஆஸ்பத்திரியிலேருந்து போன் பண்ணினாங்க. ஆஸ்பத்திரி இங்கேருந்து ரெண்டு தெருதான். "ஐவன், இன்னிக்குத் தாண்டாதுங்கிறாங்க. அந்த ஏழாவது, அரைகுறையா இருந்தாலும் பரவாயில்ல, இரைச்சலா இருந்தாலும் பரவாயில்ல, கொண்டு வந்துடு. அவருக்குக் காது கேக்குது. கேட்டுக்கிட்டே இருக்கார்."

பெட்டி எனக்கு முன்னாடிதான் இருந்துச்சு. ஏழாவது பாட்டு போட்டு நிறுத்தி வெச்சிருந்தேன். சிடியா எடுத்து நடந்து போனாக்கூட டீ ஆறுறதுக்குள்ள போய்ச் சேந்திருக்கலாம்.

"இன்னும் வரல நோலீன்"னு சொன்னேன். "வியாழக்கிழமைக்குள்ள முயற்சி பண்றேன்."

உங்கம்மா, "சரி, நீ என்ன பண்ணுவே"ன்னு போனை வெச்சுட்டாங்க.

இதுக்கு நான் காரணம் சொல்லணும். கேக்குறதுக்கு ஒண்ணு பாக்கி இருந்தா மனுஷன் உயிரைப் புடிச்சுக்கிட்டு இருப்பான்னு நினைச்சேன். வியாழக்கிழமை வரைக்கும் இருப்பார்னு நினைச்சேன். அவர் அன்னிக்குச் சாயங்காலமே போயிட்டார். கடைசி வரைக்கும் வாசலைப் பாத்துக்கிட்டே இருந்தார்னு உங்கம்மா சொன்னாங்க. அதைக் கேட்டு எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. என்னைத்தான் எதிர்பாத்திருக்கார்.

சவ அடக்கத்துல நீ என்னைப் பாத்திருப்பே, கடைசி வரிசையில நின்னேன். நீயே வந்து என் கையைக் குலுக்கினே. "அப்பாவுக்காக இவ்வளவு செஞ்சீங்க, ரொம்ப நன்றி"ன்னே. அதை நான் மறக்கல.

அதுக்கப்புறமும் உங்கம்மா வந்தாங்க. இப்ப எங்க ரெண்டு பேருக்கும் பேச நிறைய இருந்துச்சு. நாலாவது குடுத்தேன், அஞ்சாவது குடுத்தேன். அப்பத்தான் நீ போன் பண்ணினே. மெல்பர்ன்ல ஒரு இடம் இருக்கு, பழைய டிஸ்க்கைத் தூசு தும்பு இல்லாத அறையில வெச்சுத் தெறந்து எடுத்துக் குடுப்பாங்க, அனுப்பி வைங்கன்னே. நல்ல எண்ணத்துலதான் சொன்னே, தெரியும். ஆனா அவங்க எடுத்தா எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்துடுவாங்க. டிஸ்க் முழுசாச் செத்துப் போச்சு, கார்டுக்கு ஏற்கெனவே வந்திருக்குற துண்டுங்களை நான்தான் ஒட்டிக்கிட்டு இருக்கேன்னு உனக்குச் சொன்னேன். சொன்னப்புறம் அது உண்மையா இருக்கணும்ல. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அதைத் தெறந்துட்டேன், தூசு பட்டா அப்புறம் யாராலயும் அதுலேருந்து எதையும் எடுக்க முடியாது. உள்ள இருக்குற தட்டு ரொம்ப அழகா இருக்கும், கண்ணாடி மாதிரி மூஞ்சி தெரியும். தூக்கிப் போட மனசு வரல.

இல்ல, கப்பை எடுக்காதே. அதுக்கு அடியில இருக்குற தட்டுல இனிமே ஒண்ணும் இல்ல. சூடு படுறதால ஒண்ணும் கெட்டுடாது.

மாட்டிக்கிட்டது என் அஜாக்கிரதைதான். ஆறாவது பாட்டை உங்கம்மாவுக்கு சிடியில எடுத்துக் குடுக்கும்போது, என் குரல் இருந்த எட்டாவது குமிழை இறக்க மறந்துட்டேன். உங்கப்பா குரலுக்கு அடியில என் குரலும் போயிடுச்சு. அதோட போயிருந்தா ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். ஆனா நான் அதைப் பாடினது ஒரு வியாழக்கிழமை மதியம். பாட்டு முடிஞ்சப்புறம் மைக்கை அணைக்கல, ஏன்னா அப்பத்தான் வாசல்ல வண்டி வந்து நின்னுச்சு. சிடியோட கடைசியில கம்பிவலைக் கதவு அடிக்கிற சத்தம் இருக்கு. "ஐவன், தண்ணி கொதிக்க வெச்சாச்சா?"ன்னு உங்கம்மா கேக்குறது இருக்கு. அப்புறம் அந்த உறுமல், "டாக்டர், நோயாளி எப்படி இருக்கான்?"

செத்துப் போனவர் குரல் அது. அவர் உயிரோட இருந்தப்பவே அந்தப் பாட்டு என் கையில இருந்துச்சுன்னு உங்கம்மாவுக்கு அதுல தெரிஞ்சு போச்சு. சமையல்கட்டுல தனியா நின்னு கேட்டிருப்பாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, உனக்குத்தான் போன் பண்ணியிருக்காங்க. போன வியாழக்கிழமை வரல. நான் கெட்டிலைப் போட்டு, ரெண்டு கப்பு எடுத்து வெச்சு, ரோட்டைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். சொல்லிட்டு வராம இருந்திருக்கலாம். அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நீ என்னை எப்படிப் பாக்குறேன்னு தெரியுது. போலீசுக்குச் சொல்றதுன்னா சொல்லு. நான் எதையும் திருடல, எல்லாம் உங்களுக்குத்தான் குடுத்தேன். மெதுவாக் குடுத்தேன், அவ்வளவுதான்.

ஏழாவது பத்திரமா இருக்கு. அந்தக் கார்டுலதான், வேற எங்கயும் கிடையாது. அதுல நான் பாடல, எனக்கும் ஒரு வரைமுறை இருக்கு. கிடாரைத் தொடுறதுக்கு முன்னாடி உங்கப்பா, "நோலீன், உக்காந்துக்கோ"ம்பார். எவ்வளவு நல்ல குரல்.

பெட்டியை இப்பவே தூக்கிட்டுப் போகணும்னா போ, இந்த வயசுல நான் உன்னோட மல்லுக்கட்ட முடியாது. ஆனா அந்தக் கார்டை நேத்துக் கழட்டி வேற இடத்துல வெச்சிருக்கேன். எங்கன்னு கேக்காதே. பழக்கமில்லாத கை பட்டா அழிஞ்சு போயிடும், அந்தப் பயத்துலதான். அம்மாகிட்ட நான் கோவமா இல்லன்னு சொல்லு. கேக் எல்லாம் வேண்டாம், சும்மா வந்தாப் போதும். வியாழக்கிழமை வரச் சொல்லு.

ஏழாவதுல முதல் பாதி அதுக்குள்ள கிடைச்சுடும்னு நினைக்கிறேன்.