மினிமம் மட்டும்

“மாசாமாசம் மினிமத்தைக் கட்டிக்கிட்டே இருப்போம் உமா, முதல்ல கல்யாணத்த...”

“மினிமம் கட்டுனா வட்டிக்கே சரியாப் போயிரும், அசல் என்னைக்கு...”

“என்னயக் கொஞ்சம் பேச விடேன். ரெண்டு சம்பளம் வந்தா...”

“எங்க அப்பா ஆஸ்பத்திரிக் கடன நீங்க அடைச்சீங்கன்னு விக்ரோலி பூரா பேசணுமாக்கும்?”

அன்றைக்கு டீயில் இஞ்சி கொஞ்சம் கூடிப்போயிற்று. இருவரும் கவனிக்கவில்லை. தாராவியில் எங்கள் வீடு ஒரே அறை. அடுப்பும் சண்டையும் அதற்குள்ளேயேதான்.

உமாமகேஸ்வரி என் ஒரே மகள். செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பில் போடுகிறாள். அவளைக் கட்டிக்கொள்ள இருந்த எட்வினுக்கு விக்ரோலியில் லேத் பட்டறை வேலை. அவன் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன் என்பதால் நான் குறுக்கே நின்றேன் என்று சொந்தக்காரர்கள் சொல்லக்கூடும். அப்படியில்லை. டீ குடித்த தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிற பையன் அவன்.

கடன் என் கார்டில் இருந்தது. என் வீட்டுக்காரர் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எங்கள் மளிகைக் கடைக் கணக்குக்காக வங்கி கொடுத்த கிரெடிட் கார்டைத் தேய்த்தோம். ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். அவரும் மிஞ்சவில்லை, கடையும் மிஞ்சவில்லை. கார்டு பாக்கி மட்டும் மிஞ்சியது. அது ஒரு ரூபாய் மிச்சமில்லாமல் தீர்ந்த பிறகுதான் கல்யாணம் என்று உமா சொல்லிவிட்டாள்.

“அத்தை, நீங்களாவது சொல்லுங்க,” என்றான் எட்வின்.

“அவ சொல்றதுதான் சரி தம்பி. பாக்கியோட போற எடத்துல மரியாத இருக்காது.”

மனசாரத்தான் சொன்னேன். வேறு நினைப்பு அப்போது எனக்கு இல்லை.

உமா மாதம் பதினைந்தாயிரம் என் கையில் கொடுப்பாள். நான் வங்கிக்குப் போய்க் கட்டுவேன். முதல் இரண்டு மாதம் முழுசாகவே கட்டினேன். மூன்றாம் மாதம் அவள் வேலை விஷயமாக மூன்று நாள் பூனா போனாள். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று என் கைக்குத் தெரியவில்லை. மூன்று நாளும் இரண்டு பேருக்கு வடித்தேன். மிச்சத்தை என்ன செய்தேன் என்று நினைவில்லை.

முப்பது வருஷம் கடையில் உட்கார்ந்தவள் நான். பற்று வைத்து வாங்குகிறவர்கள் எங்கேயும் போகமாட்டார்கள். மொத்தத்தையும் தீர்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போகிறவர்கள்தான் மறுமாதம் எதிர்க்கடையில் நிற்பார்கள். அதனால் யாராவது முழுசாகக் கொடுக்க வந்தால், “அதுக்கென்ன அவசரம், கொஞ்சம் நிக்கட்டும்” என்போம். அது எங்கள் வழக்கம். ஆட்களை இழக்காமல் இருக்க நாங்கள் கற்ற ஒரே வித்தை.

அந்த மாதம் வங்கிக் கவுண்டரில் இருந்த ஷைஸ்தாவிடம் ஒன்பதாயிரத்து ஐந்நூறை மட்டும் நீட்டினேன்.

“மினிமம் மட்டுமா ஆன்ட்டி?”

“மினிமம் மட்டும்.”

“இப்படியே கட்டுனா இது எப்பவும் முடியாது ஆன்ட்டி. போன மாசம் மாதிரி கட்டுங்க, ஒன்றரை வருஷத்துல முடிஞ்சிரும்.”

நல்ல பிள்ளை. எச்சரிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கோ மனசு லேசாகிவிட்டது. திரும்பி வரும்போது உமாவுக்குப் பிடித்த நெத்திலி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மிச்சப் பணம் கட்டிலுக்கடியில் பிஸ்கட் டப்பாவுக்குப் போனது. பணம் கட்டிய செய்தி போனுக்கு வந்ததும் அழித்துவிடுவேன். மொத்தப் பாக்கியைச் சொல்லும் செய்தியை மட்டும் வைத்திருப்பேன். சனிக்கிழமை உமா கேட்பாள், “இன்னும் எவ்வளவும்மா?” நான் போனைக் காட்டுவேன். பொய் சொன்னதே இல்லை. தொகை கொஞ்சம் இறங்கினால் அதே கார்டில் கம்மலோ மோதிரமோ எடுத்து டப்பாவில் போடுவேன். அவள் கல்யாணத்துக்குத்தான்.

“இந்த வட்டி என்னம்மா, ஆளத் திங்குது,” என்பாள்.

“ஆமா மக்களே. பாவிப்பயலுவ.”

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதுங்காவில் ஒரு டாக்டரிடம் டைப் அடிக்கப் போனாள், அந்தக் கூலி மாமூல் செலவுக்கு. சம்பளத்தில் பதினைந்தாயிரத்தை அவள் தொடவே மாட்டாள். இரண்டே சுடிதாரை மாற்றி மாற்றிப் போட்டாள். கடைவாய்ப் பல் வலித்தபோது டாக்டரிடம் போகாமல் கிராம்பு வைத்துக்கொண்டாள். என் கண்ணுக்குச் சொட்டுமருந்து விட மட்டும் ஒரு நாளும் மறந்ததில்லை. இப்படி நாலு வருஷம். அவளுக்கு முப்பத்தாறு ஆயிற்று.

போன தை மாதம் எட்வின் தனியாக வந்தான். உமா லேபில் இருந்தாள். டீ வேண்டாம் என்றான்.

“வீட்டுல ஜான்சின்னு ஒரு பொண்ணு பாத்திருக்காங்க அத்தை. எங்க அம்மைக்கு மேலுக்கு முடியல, அவசரப்படுத்துறாங்க. உமாட்ட கேட்டா, பாக்கி தீரட்டும்ங்குறா. இன்னும் எத்தனை மாசம்னு மட்டும் சொல்லுங்க. ஆறு மாசம்னாலும் நான் நிறுத்திப்புடுறேன்.”

நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். டப்பா என் குதிகாலில் இடித்துக்கொண்டிருந்தது. அதில் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் இருந்தது. பாக்கி ஒரு லட்சத்து எண்பத்திரண்டு.

“இன்னும் ரொம்ப இருக்கு தம்பி,” என்றேன். “அவளுக்காக ஒன் வாழ்க்கையக் கெடுத்துக்கிடாத.”

அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். அவர்கள் வழக்கத்தில் அது கிடையாது.

எட்வினுக்குக் கல்யாணம் முடிந்ததை உமா யார் மூலமோ தெரிந்துகொண்டாள். அழவில்லை. சனிக்கிழமை எவ்வளவு என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை. பெற்ற வயிறு இல்லையா? இனி அந்தக் கடன் எதற்கு என்று தோன்றியது. டப்பாவை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய் மொத்தத்தையும் கட்டினேன். ஷைஸ்தா எழுந்து நின்று கை கொடுத்தாள்.

சாயங்காலம் உமா வந்து டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு நேரே போனைப் பிடித்தேன். பாக்கி: பூஜ்யம்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். பில் போடுகிறவள் அல்லவா, கடைசி வரியோடு நிறுத்தவில்லை. அதற்கு மேலே இருந்ததையும் படித்தாள். அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்குப் பணம் கட்டிய செய்தியை அழிக்க மறந்திருந்தேன்.

“ஒரே நாள்ல ஒண்ணு எண்பது கட்டிருக்கியேம்மா,” என்றாள், மெதுவாக. “ஏது இவ்வளவு பணம்?”

“எல்லாம் நீ குடுத்ததுதான் மக்களே. ஒத்த ரூபா நான் எனக்குன்னு எடுக்கல.”