ரேடியோவின் மூன்று வரி

அவைக்கு அணியான தலைவர் அவர்களே, முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஆர்வத்தை ஏற்றிக்கொண்டு வந்திருக்கும் அன்னையர்களே, அனைவருக்கும் வணக்கம்.

புத்தாண்டை ஹைக்கூவால் வரவேற்கும் மன்றம் இது. ஜப்பானியர் தந்த மூன்றே வரி, மூச்சளவு கவிதை. அதை முழுமூச்சாக எதிர்த்தவர் யார்? ஆம், சரியாகச் சொன்னீர்கள், ஓயாத பேச்சுக்காக நாம் பெயர் வைத்த நம் 'ரேடியோ'தான். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். லிஃப்ட் நடுவில் நின்று மாட்டிக்கொண்டவர்கள் நடுங்காதிருக்க, கதவுக்கு வெளியே நின்று கதை சொல்லியே பழகிய வாய். "மூணு வரியில என்னங்க சொல்ல முடியும்? என் தும்மலே அதைவிட நீளம்" என்பார். சிரியுங்கள், சிரிக்கத்தான் சொன்னார்.

வீட்டிலும் ஓயமாட்டார். தையல் வேலை செய்யும் அவர் மனைவி மெஷினை நிறுத்திவிட்டு, "கொஞ்சம் வாயை மூடுங்களேன், காது வலிக்குது" என்பார். அன்றாடம் சொன்னார், அன்போடுதான் சொன்னார்.

போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்தது. கால் பாதி திரும்பியது. கை கொஞ்சம் திரும்பியது. பேச்சு? ஒரு சொல்லுக்கும் மறுசொல்லுக்கும் நடுவே ஒரு யுகம்.

இன்று காலை வாழ்த்துச் சொல்லப் போனேன். வாசலிலேயே அந்த அம்மா சொன்னார்: "மெஷின நிறுத்தினா வீடே அமைதியா இருக்குண்ணா. நான் கேட்டதுதானே இது. இப்ப வேணாம்னு யார்கிட்ட போய்ச் சொல்றது?"

செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பின்னாலேயே நடந்தேன்.

உள்ளே போய் அந்த அம்மா கணவருக்கு ஸ்பூனால் தேநீர் புகட்டினார். பாதியில் ரேடியோ கையை உயர்த்தி நிறுத்தினார். இழுத்து, இடறி, மூச்சிரைத்துச் சொன்னார்:

மூடச் சொன்ன வாயைத்
திறக்கச் சொல்கிறாள்;
புத்தாண்டுத் தேநீர்.

ஸ்பூன் கோப்பைக்கே திரும்பியது. "இதையெல்லாம் மனசுல வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

நெடுநேரம் கழித்து வந்தன இரண்டு சொற்கள்: "ஆறிப் போச்சு."

தேநீரைச் சொன்னாரா, காயத்தைச் சொன்னாரா? கேட்க அந்த அம்மாவுக்குத் துணிவில்லை. எழுந்து போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தார்.

அன்பர்களே, புத்தாண்டு புதிய சொற்களைத் தரும். போன சொற்களைத் திருப்பித் தருமா? தராது. ஆனால் மிச்சமிருக்கும் சொல்லுக்குக் காத்திருக்கலாம் அல்லவா? ஊரெல்லாம் லிஃப்டை ஓடவைத்தவரின் வீடு, லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில். கூட்டம் முடிந்ததும் ஏறுவோம். மூச்சு வாங்கும், ஏறுவோம். அவர் 'வாங்க' என்று சொல்லத் தொடங்குவார். தயவுசெய்து, அந்தச் சொல்லை யாரும் அவருக்காக முடித்துவைக்காதீர்கள்.

செவி தந்த உள்ளங்களுக்கு நன்றி. பிறக்கும் ஆண்டு பேசக் கேட்க நேரம் தரட்டும். வணக்கம்.