மாதிரிக்கு வச்ச நம்பர்

லேகா: அப்போ எல்லாம் உன் டீம்ல உள்ள தீபு செய்த குற்றமாக்கும்?

அகிலேஷ்: மெல்ல பேசு. பிளாட்பாரம் முழுக்கத் தெரிஞ்ச ஆளுவ.

லேகா: பாறசாலை ஸ்டேஷன்ல நின்னு கம்ப்யூட்டர் கோடு பத்திப் பேசினா ஆருக்கு மனசிலாவும்? சொல்லு.

அகிலேஷ்: ரெக்கார்டுல அவன் பேருதான் இருக்கு. நான் என்ன செய்ய?

லேகா: இண்ணைக்கு போலீசு உன்ட்ட என்ன கேக்கும்?

அகிலேஷ்: அந்த கோடு எங்கேருந்து வந்ததுண்ணு கேக்கும். தெரியாதுண்ணு சொல்லப் போறேன்.

லேகா: தெரியாது...

அகிலேஷ்: நீ எதுக்கு காலேஜுக்கு லீவு போட்டுட்டு கூட வாறே? ஆபீஸ்ல உனக்கு என்ன சோலி?

லேகா: சும்மா. ரெண்டு வருஷம் முந்தி நானும் அங்க இருந்தவதானே. பழைய ஆளுவளப் பாக்கலாம்ணு.

அகிலேஷ்: துக்க வீடு மாதிரி இருக்கு அங்க.

லேகா: திரும்ப ஒருக்கா சொல்லு. அந்த சரசம்மா...

அகிலேஷ்: கள்ளிக்காட்டுக்காரி. அம்பத்திரண்டு வயசு. ரத்தத்துல பொட்டாசியம் ஏறிப்போச்சு. லேப்ல ரிசல்ட் வந்த உடனே டூட்டி டாக்டர் போனுக்கு மெசேஜ் போகணும். அதுக்காக்கும் நம்ம சாஃப்ட்வேர்.

லேகா: போகல்ல.

அகிலேஷ்: போச்சு... வேற நம்பருக்கு. டாக்டர் அறியும்போ ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. அதுக்குள்ள நெஞ்சு நின்னு போச்சு. செவ்வாக்கிழமை சாயங்காலம் நீ கூட போன்ல ஒரு பொம்மை அனுப்பினியே, உம்மா கொடுக்கிய பொம்மை. காரணமே இல்லாம. பதில் போடணும்ணு இருந்தேன். அதுக்குள்ள ஆஸ்பத்திரிலேருந்து விளிச்சிட்டாங்க.

லேகா: அதை விடு. வேற நம்பர் எப்படி வந்தது?

அகிலேஷ்: தீபு கம்ப்யூட்டர்ல நம்ம டீமுக்குப் பொதுவா உள்ள நோட்டுலேருந்து கோடை எடுத்து அப்படியே ஒட்டியிருக்கான். அதுல மாதிரிக்கு ஒரு நம்பர் வச்சிருந்தது. அவன் மாத்தல்ல.

லேகா: நோட்டுல உள்ளதுக்குக் கீழ எழுதினவங்க பேரு உண்டாவுமே. பேரு போடாம ஒட்டினா எல்லாருக்கும் டீயும் பழம்பொரியும் வாங்கணும்ணு சட்டம் வச்சதே நீதான். நான் எத்தனை தடவ வாங்கியிருக்கேன்!

அகிலேஷ்: நாலு தடவ.

லேகா: எண்ணி வச்சிருக்கே பாரு, கள்ளன். இதுல ஆரு பேரு?

அகிலேஷ்: அந்தப் பக்கமே இப்போ இல்ல. ஆரோ அழிச்சிருக்காங்க.

லேகா: ஆரு?

அகிலேஷ்: வண்டி லேட்டு போல...

லேகா: அகி. இங்க பாரு.

அகிலேஷ்: பேரு சொல்லி விளிக்காதேண்ணு அம்மை நேத்துகூட...

லேகா: அம்மை இங்க இல்ல. நீ எழுதினதுதானே அது?

அகிலேஷ்: ஆமா. மேல ஒரு வரி எழுதணும்ணு இருந்தேன். 'நம்பர மாத்தணும்'ணு, அவ்வளவுதான். பின்ன எழுதலாம்ணு விட்டேன்... ரெண்டு வருஷம் போச்சு.

லேகா: அழிச்சதும் நீதான்.

அகிலேஷ்: நேத்து காலைல.

லேகா: தீபுக்கு ரெண்டு பிள்ளைங்க. போன மாசம் நம்ம வீட்டுக்கு வந்து கப்பக்கிழங்கும் மீனும் தின்னுட்டு, போகும்போ உங்க அம்மைக்க காலத் தொட்டுட்டுப் போனவன்.

அகிலேஷ்: தெரியும்... எனக்குத் தெரியாதா?

லேகா: பின்ன என்ன பயம்? வேலையா? போட்டும். அமரவிளைல எங்கப்பாக்க கடைல வந்து இரி. ஆணி நிறுத்துக் கொடு.

அகிலேஷ்: வேலைக்காக இல்ல பிள்ளே.

லேகா: ஜெயிலா?

அகிலேஷ்: அதுவும் இல்ல. அந்த நம்பர்...

லேகா: உன் நம்பரா?

அகிலேஷ்: என் நம்பரா இருந்திருந்தா செவ்வாக்கிழமையே சொல்லியிருப்பேன். மாதிரிக்கு ஒரு நம்பர் வேணும். அப்போ என் விரலுக்குத் தெரிஞ்சது ஒரே நம்பர்தான். நீ அடுத்த சீட்டு. மெசேஜ் போனா உன் போன் அடிக்கும், நீ திரும்பிப் பாப்பே... அதுக்காக்கும்.

லேகா: 'தங்கம்மா, பெட் ஏழு, கடுத்த காய்ச்சல். லேகா உடனே கேன்டீனுக்கு வரவும்.'

அகிலேஷ்: ஓர்மை வச்சிருக்கியா?

லேகா: தினம் ஒரு கிழவி. அதுல விழுந்துதானே உன்னைக் கட்டினேன்.

அகிலேஷ்: அந்தப் பக்கத்தக் காட்டினா உன் போனை வாங்குவாங்க. உன்னை இருத்திக் கேள்வி கேப்பாங்க. உனக்கு இதுல ஒரு பங்கும் இல்ல. அதுக்குத்தான் அழிச்சேன்.

லேகா: எனக்காக தீபுவை...

அகிலேஷ்: உனக்காகத்தான். ஏதோ மெசேஜுண்ணு நீ திறந்துகூட பாத்திருக்க மாட்டே. பாக்கல்லதானே?

லேகா: வண்டி வருது.

அகிலேஷ்: லேகா... பாக்கல்லதானே?

லேகா: நாலு பத்துக்கு வந்தது. 'சரசம்மா, பெட் பதினாலு, உடனே பார்க்கவும்.' நீ பழையபடி விளையாடுதேண்ணு நினைச்சேன், அகி. அந்த உம்மா... அதுக்கு நான் போட்ட பதிலு. மெசேஜை அழிக்கல்ல, போன் இந்தப் பையில இருக்கு. ஏறு, தீபு அங்க தனியா இருப்பான்.