பதில் சொல்லக் கூடாத கேள்வி

உலக வரலாற்றில் பொறிக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டு இருபதுக்கு, என் மனைவி வீட்டுக் கதவைப் பூட்டி, ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தெருமுனை வரை நடந்தாள். மேளதாளம் எதுவும் இல்லை. நான் மட்டும் பின்னால் போனேன்.

அதற்கு முன் பதினோரு வருடம், ஒரு நாளைக்கு முப்பது தடவை இழுப்பாள். கைப்பிடி இரண்டு முறை கையோடு வந்துவிட்டது. பிறகு இஸ்திரிப் பெட்டி, பிறகு குழாய். பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். அங்கேயும் பார்த்ததையே பார்த்து, கடைசியில் வேலையை விட்டாள். எத்தனை தடவை பார்த்தாலும் முடிவில் என்னிடம்தான் வருவாள்.

"ஏங்க, அணைச்சேனா?"

"அணைச்சாச்சும்மா."

உடனே அவள் முகம் தெளியும். அலுவலகத்தில் என் பேச்சை ஒரு ஈ காக்கைகூட மதித்ததில்லை. வீட்டில் நான் சொன்னால் வேதவாக்கு.

இந்த நிலையில் ஒரு மனநல ஆலோசகர் வந்து சேர்ந்தார். சின்னப் பெண். ஒரு தடவை பார், கிளம்பு. பயம் வந்தால் வரட்டும், நூற்றுக்கு எவ்வளவு என்று நோட்டில் எழுது, அது தானாக இறங்கும். அவ்வளவுதான் வைத்தியம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், அவங்க கேட்டா இனிமே நீங்க பதில் சொல்லக் கூடாது. உங்க பதில்தான் அந்த நோய்க்குச் சாப்பாடு."

பதினோரு வருடம் சாப்பாடு போட்டவனுக்கு ஒரு நன்றி கிடையாது.

தொண்ணூறு எழுபதானது, எழுபது இருபதானது. பத்தாவது வாரம் கேள்வியே நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் அவளை மறுபடி கூப்பிட்டது. வீட்டில் நான் இருப்பதும் அலமாரி இருப்பதும் ஒன்றாகிவிட்டது.

நான் அவசரப்படவில்லை. முதலில், அவள் பூட்டிய கதவை ஒரு நாள் ரகசியமாகத் திறந்து வைத்தேன். திரும்பி வந்து பார்த்தவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். என்னிடம் வருவாள் என்று காத்திருந்தேன். அவளோ நோட்டை எடுத்து அறுபது என்று எழுதினாள். "இருக்கட்டும்ங்க. எல்லாரும்தான் மறக்கறாங்க" என்றாள். மறுநாளும் ஒரே தடவைதான் இழுத்தாள். எனவே, 'இருக்கட்டும்' என்று சொல்ல முடியாத ஒன்று தேவைப்பட்டது.

வேலையில் சேரும் நாள், அவள் துணி தேய்த்து, பெட்டியை அணைத்து, ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பினாள். நான் சுவிட்சைப் போட்டு, மடித்த போர்வைகளின் மேல் பெட்டியைக் கவிழ்த்து வைத்தேன். உள்ளறையில் அவள் அப்பா, முழங்கால் ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருந்தார்.

"மாப்பிள்ளை, இன்னும் கிளம்பலையா?"

"கிளம்பிட்டேன் மாமா."

தெருமுனைப் பத்திரிகைக் கடையில் ஒரு வார இதழைப் புரட்டிக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடத்தில் திரும்பியிருந்தால் கருகிய போர்வையோடு போயிருக்கும். அதற்கு அவள் எழுபது போட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போயிருப்பாள். மாமாவால் கட்டிலை விட்டு இறங்க முடியாது என்பது நினைவுக்கு வந்தது. இன்னொரு பக்கம் படித்தேன். புகை என்று யாரோ கூச்சல் போட்ட பிறகும் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் போனேன்.

தான்தான் அணைக்க மறந்ததாக அவளே இதே ஸ்டேஷனில் உங்களிடம் எழுதிக் கொடுத்தாள். நீங்களும் மாமாவின் சாவை விபத்து என்று முடித்தீர்கள். அதன் பிறகு ஆறு வாரம், நாளைக்கு நூறு தடவை, "ஏங்க, நான் நிஜமாவே அணைக்கலையா?" என்று கேட்டாள். ஒரு தடவைகூட நான் சலித்துக்கொள்ளவில்லை. "யாருக்கும் வர்ற மறதிதாம்மா" என்று பொறுமையாகச் சொன்னேன். அவளை அவ்வளவு நன்றாக வேறு எவன் பார்த்துக்கொள்வான்?

பிறகு அவள் அக்கா வந்து அழைத்துப் போனாள்.

மனசாட்சி உறுத்தியதா என்று கேட்கிறீர்கள். நேற்று போன் செய்தேன். அக்காதான் எடுத்தாள். "இப்பல்லாம் எதுக்கும் அவ என்னைத்தான் கேக்கறா. நானே பதில் சொல்லிக்கறேன், நீங்க கவலைப்பட வேண்டாம்" என்றாள்.

அவள் கேள்விக்கு நிஜமான பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தானே, ஐயா. அதனால்தான் வந்தேன்.