சட்டைச் சாம்பலில் கிடைத்த தங்கம்

அதிகாலை நான்கு மணி. மரக்காணம் உப்பளங்களுக்கு நடுவே போகிற மண் சாலை. இரண்டு பக்கமும் பாத்திகளில் தேங்கிய உப்புத் தண்ணீர்... காற்றில்லை. ஒரு நாய் கூடக் குரைக்கவில்லை. நம்ம அர்ச்சுனனின் மச்சான் ஜெயசீலன் மட்டும் பைக்கில் போகிறான். ஒரு கையால் ஓட்டுகிறான். மற்றக் கையால் சட்டைப் பையை நெஞ்சில் படாமல் விலக்கிப் பிடித்திருக்கிறான். பைக்குள் மிளகளவு தங்கம்.

"பேய்க் கதைன்னு சொல்லிட்டு, தங்கமா? அப்ப அந்தப் பேய எங்க வீட்டுக்கு அனுப்புப்பா" என்கிறாயா நடராசா? முழுசாகக் கேள். அப்புறம் கூப்பிடு.

பழைய கம்ப்யூட்டர், செல்போன் சர்க்யூட் பலகைகளை ஆசிட்டில் ஊறவைத்துச் செம்பும் தங்கமும் பிரிக்கிற ஷெட் ஒன்று. ஜெயசீலன் அங்கே சூப்பர்வைசர். முதலாளி பிரபாகரனுக்கு ஒரே கவலைதான். உள்ளே போகிற தங்கம் முழுசாக வெளியே வருவதில்லை. ரெக்கவரி ஏறணும், ரெக்கவரி ஏறணும் என்று உயிரை எடுப்பான். பெருக்கிய குப்பை, சாக்கடைச் சேறு, கிழிந்த கையுறை... எல்லாவற்றையும் எரித்து, சாம்பலை உருக்கச் சொன்னான். அதிலும் தங்கம் வந்தது. ஆசிட் தொட்டிக்கு மேலே புகை உறிஞ்ச ஒரு ஃபேன் கேட்டதற்கு மட்டும், "அதுல என்னய்யா ரெக்கவரி வரும்?" என்றான்.

அந்தத் தொட்டியைக் கழுவ இறங்கிய கூலியாள் தட்சணாமூர்த்தி உயிரோடு ஏறி வரவில்லை. செம்பழுப்புப் புகை. இருமல் சத்தம்... அப்புறம் அதுவும் இல்லை. ஆசிட் பட்ட துணி என்று ஷெட்டிலேயே கழற்றிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள்.

கருமாதிக்கு முன்னால் அவன் மனைவி பாஞ்சாலை கேட்டில் வந்து நின்றாள்.

"கடைசியா உடுத்தினத வச்சிப் படைச்சாத்தாங்க எங்க ஆளு வூட்டுக்கு வருவாரு. கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல. அந்தச் சட்டைய மட்டும் குடுத்துடுங்க."

பிரபாகரன் காரை விட்டு இறங்கவில்லை. "நாளைக்கு வாம்மா" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். உள்ளே வந்து ஜெயசீலனிடம் சொன்னான்: "அதத் தனியா எரி. ஒரு ஆளு உடம்புல ஒட்டிக்கினு எவ்ளோ சரக்கு வெளிய போவுதுன்னு பாப்போம்."

சட்டையைச் சுருட்டி அவளிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. வேலைக்குப் பயந்து, தன் கையாலேயே நெருப்பில் போட்டான் ஜெயசீலன்.

துணி எரிகிற வாடை வரவில்லை. மழையில் நனைந்து வந்த மனிதனின் வாடை வந்தது...

சாம்பலை உருக்கினான். அடியில் மின்னிய தங்க மணியைத் தண்ணீரில் போட்டான். ஸ்ஸ்... எடுத்தான். சுட்டது. மறுபடி போட்டான். மறுபடி எடுத்தான். பொசுக்கவில்லை, ஆனால் சுட்டது. மறுநாளும் ஆறவில்லை.

பிரபாகரன் அதை எடை போட்டுப் பார்த்துச் சிரித்தான். "ஒருத்தன்கிட்டயே இவ்ளோவா! இனிமே எல்லார் சட்டையையும் கழட்டி வாங்கிடு."

அந்தச் சிரிப்புத்தான் ஜெயசீலனுக்குப் பொறுக்கவில்லை. அன்றிரவே பிரபாகரன் பூட்டிவைத்த மேசை டிராயரை உடைத்து, மணியை எடுத்துக்கொண்டு பாஞ்சாலை வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

பாஞ்சாலை தூங்கவில்லை. விடிந்தால் கருமாதி. தலைவாழை இலை தயாராக இருந்தது. சட்டை வைக்கிற இடம் மட்டும் காலி.

"சட்டை இல்லம்மா... இதுதான் இருக்குது."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் தெருவே எழுந்துவிட்டது.

"ஆள முழுங்கினது பத்தாதாடா? துணியையுமா உருக்கித் தின்னீங்க? நீங்கல்லாம் சோறுதான் திங்கிறீங்களா?"

மணியைப் பிடுங்கி அவன் முகத்தில் எறிய ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

இறக்கினாள். மணியை உள்ளங்கையில் வைத்து, மற்றக் கையின் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். குரல் தணிந்துவிட்டது.

"காய்ச்சலடிக்குது, தொட்டில எறங்க முடியாதுன்னு அன்னிக்கி உனக்கு போன் பண்ணாரே. வரலன்னா வேற ஆளப் போட்டுக்குவேன்னு நீதான சொன்ன?"

மணியை மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் காய்ச்சல் வுடலியே இவருக்கு..."

முந்தானையைத் தண்ணீரில் நனைத்து மணியின் மேல் போட்டு, கையை மூடிக்கொண்டாள். விடிகிற நேரத்தில் கையை விரித்தாள். முந்தானை காய்ந்துபோயிருந்தது.

தங்கம் வியர்த்திருந்தது.